சுவரில் குரங்கு, காட்டுக்கு என்ன பங்கு?

திருப்போரூரில் புதிதாகக் குடியேறிய என் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்துக்கு அண்மையில் சென்றிருந்தேன். வரவேற்பறைச் சுவரில், மரப்பலகையில் அச்சிடப்பட்ட சிங்கவால் குரங்கின் புகைப்படம் இருந்தது. "வால்பாறையில் எடுத்த படம் ஐயா, அரிய குரங்கு என்பதால் விலை சற்று அதிகம்" என்றார் பெருமையுடன். அந்த விலையில் யார் யாருக்குப் பங்கு என்ற கேள்வி, பொருளியல் கற்பித்தவனுக்கு எழாமல் இருக்குமா?

புற ஊதா ஒளியில் உடனே உலரும் மையை இத்தகைய பலகைகள் மீது நேரடியாக அச்சிடுகிறார்கள். அடியில் வெண்மை பூசாவிட்டால், படத்தின் வெளிர் பகுதிகளில் மரத்தின் நிறமே தெரியும். குரங்கின் வெள்ளிநிறப் பிடரி அப்படித்தான் பொன்னிறமாகியிருந்தது. பலகைக்கும் மைக்கும் புகைப்படக்காரரின் உழைப்புக்கும் விலை உண்டு; குரங்கை வாழவைக்கும் காட்டுக்கு மட்டும் இல்லை.

சோலைமந்தி என்றும் அழைக்கப்படும் இக்குரங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. மழைக்காடுகள் தேயிலை, காப்பித் தோட்டங்களால் துண்டுபட்டதால், மரம்விட்டு மரம் தாவி வாழ்ந்த இனம் தரையிறங்கிச் சாலையைக் கடக்கிறது. வால்பாறையில் வாகனங்களில் அடிபட்டு இறந்தவையும் உண்டு. இதைத் தடுக்கவே அங்கு சாலையோர மரங்களுக்கிடையே தொங்குபாலங்கள் அமைத்திருக்கிறார்கள். அருகில் வரவழைத்துப் படமெடுக்க உணவு வீசுவது, அவற்றை மீண்டும் சாலைக்கே இழுக்கும்.

அரிதாக ஆக விலை உயரும் என்பது சந்தை விதி. அரிதாவதைத் தடுக்கும் பொறுப்பைச் சந்தை தானாக ஏற்பதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இக்குரங்கை வேட்டையாடுவதைத் தடுக்கிறது. படத்தை விற்பது குற்றமன்று, அப்படி ஆக்கவும் வேண்டியதில்லை. பங்கு தந்தால் போதும்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக் குரங்கொன்று தன்னைத்தானே எடுத்துக்கொண்டதாகச் சொல்லப்பட்ட படம் 2011இல் உலகெங்கும் பரவியது. அதன் பதிப்புரிமை குரங்குக்கே என்று 2015இல் பீட்டா அமைப்பு அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. விலங்கு அவ்வுரிமை கோர இயலாது என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. ஆயினும், அப்படத்தால் இனி வரும் வருவாயில் 25 விழுக்காட்டை அவ்வினத்தைக் காக்கும் அமைப்புகளுக்குத் தர, புகைப்படக்காரர் டேவிட் ஸ்லேட்டர் 2017லேயே இசைந்திருந்தார்.

இங்கும் அது இயலும். விற்பவர் பலகையின் பின்புறத்தில் காட்டுக்கான பங்கைக் குறிப்பிடலாம். வாங்குபவர் அதைக் கேட்டு வாங்கலாம். மாணவரிடம் இதைச் சொன்னேன். "விலையைக் கேட்டேன், இதைக் கேட்கத் தோன்றவில்லையே ஐயா" என்றார். கேட்கத் தொடங்குவோம்.