வரிசையில் கரையும் நேரம்: காசல் வீதி வைத்தியசாலை தரும் பாடம்

எமது அரச வைத்தியசாலைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குறைகள்தான் முதலில் வரும். மருந்து இல்லை, ஆள் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இரண்டையும் நாம் கண்ணால் கண்டோம். ஆனால் அதிகம் பேசப்படாத மூன்றாவது குறை ஒன்றும் உண்டு. மருந்தும் இருக்கும், வைத்தியரும் இருப்பார். அவை நோயாளியிடம் வந்து சேரத்தான் மணிக்கணக்காகும்.

இந்தக் குறையைப் பெரும் செலவின்றியே குறைக்கலாம் என்பதற்குக் கொழும்பிலேயே சான்று இருக்கிறது. பொரளையிலுள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலைதான் அது. 2000ஆம் ஆண்டளவில் அதன் பணிப்பாளராக இருந்த வைத்தியர் விமல் கரந்தகொட, ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வளர்ந்த 'ஐந்து எஸ்' முறையை அங்கே நடைமுறைப்படுத்தினார்.

அந்த ஐந்தும் மிக எளியவை. தேவையற்றதை அகற்றுதல், தேவையானதை அதற்குரிய இடத்தில் வைத்தல், சுத்தம் செய்தல், இவற்றை எல்லா விடுதிகளுக்கும் பொதுவான நியமமாக்குதல், யாரும் சொல்லாமலே அதைப் பழக்கமாகப் பேணுதல். முதல் மூன்றையும் ஒரு சிரமதானத்தில் முடித்துவிடலாம். கடைசி இரண்டில்தான் பெரும்பாலான இடங்கள் தோற்றுப்போகின்றன.

அலுமாரியை அடுக்குவதற்கும் உயிர் காப்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பிரசவத்தின் பின் ஒரு தாய்க்குக் கடும் இரத்தப்போக்கு ஏற்படுகிறது. தேவையான ஊசி எந்தத் தட்டில் இருக்கிறது என்று தாதி தேடக் கூடாது. கை நீட்டினால் கிடைக்க வேண்டும். அந்த ஒழுங்கு வந்த பிறகே, எங்கே தாமதம் ஏற்படுகிறது என்று ஊழியர்களே சிறு குழுக்களாகக் கூடி ஆராய்ந்து திருத்த முடியும்.

காசல் வீதியின் அனுபவம் இலங்கையோடு நிற்கவில்லை. ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் 2007 முதல் 15 ஆபிரிக்க நாடுகளுக்கு இம்முறையைக் கொண்டுசென்றபோது, இலங்கையையே முன்மாதிரியாகக் காட்டியது.

நேரம் என்பது இங்கே வெறும் வசதி அல்ல. மூளையில் இரத்தக் கட்டியால் பாரிசவாதம் வந்தவருக்கு, அதைக் கரைக்கும் ஊசியை வழமையாக நாலரை மணித்தியாலங்களுக்குள் ஏற்ற வேண்டும். 2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் நோயாளியை விரைவாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆனால் வைத்தியசாலை வாசலோடு கடிகாரம் நின்றுவிடுவதில்லை.

எனது உறவினர் ஒருவரைக் கொழும்பிலுள்ள வைத்தியசாலை ஒன்றுக்குக் கூட்டிச் சென்றபோது, அவரது இரத்தப் பரிசோதனை அறிக்கை தயாராகியும் நீண்ட நேரம் ஒரு மேசையிலேயே கிடந்தது. எந்த விடுதிக்குரியது என்று யாரும் பார்க்கவில்லை. அங்கிருந்த அறிவிப்புப் பலகைகளில் தமிழும் இல்லை. தமிழ் அரச கரும மொழியாகி, 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து எத்தனை ஆண்டுகள்! கொட்டாஞ்சேனையிலிருந்து தனியாக வரும் ஒரு வயதான தாய், எக்ஸ்ரே அறையைத் தேடியே அரை நாளைத் தொலைத்துவிடுவார்.

எமது ஜமாஅத்களும் நலன்புரி அமைப்புகளும் வைத்தியசாலைகளுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, இயந்திரம் என்று அள்ளிக் கொடுக்கின்றன. அல்லாஹ் அதற்குக் கூலி வழங்குவானாக. ஆனால் கொடுப்பதற்கு முன் பணிப்பாளரைச் சந்தித்து, நோயாளிகள் அதிகம் காத்திருப்பது எந்த இடத்தில் என்று ஒரு கேள்வி கேட்போம். மும்மொழிப் பலகைகளும், தரையில் வழிகாட்டும் வண்ணக் கோடுகளும், வெளிநோயாளர் பிரிவில் வழிகாட்ட இரண்டு தமிழ் பேசும் தொண்டர்களும் ஓர் இயந்திரத்தை விடக் கூடுதலாகப் பயன்தரக்கூடும்.

எமக்கும் பொறுப்பு உண்டு. கிளினிக் புத்தகத்தையும் பாவிக்கும் மருந்துகளின் பட்டியலையும் ஒரே உறையில் வைத்திருப்போம். நெஞ்சுவலி என்றால் பக்கத்து டிஸ்பென்சரியில் காத்திருக்காமல் உடனே 1990ஐ அழைப்போம். நோயாளியோடு பத்துப் பேர் போய் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலை அடைக்காதிருப்போம்.

சுத்தத்தை ஈமானோடு சேர்த்துப் பேசுபவர்கள் நாம். நோன்பு திறக்கும் வேளையை நிமிடக் கணக்கில் பார்ப்பவர்களும் நாம். ஒழுங்கும் நேரமும் எமக்குப் புதியவை அல்ல. அவற்றை வைத்தியசாலையிடம் உரிமையோடு கேட்போம், அங்கே போகும்போது நாமும் பேணுவோம்.