வாத்தியாரை விமர்சிக்கலாமா? திண்டுக்கல் சொல்லும் பதில்

திண்டுக்கல் பக்கம் அரசியல் பேச்சு சூடுபிடித்தால், யாராவது ஒருவர் 1973-க்குப் போகாமல் இருக்க மாட்டார். “ரெட்டை எலை பொறந்த ஊருய்யா இது” என்பார். அதே பேச்சில் எம்.ஜி.ஆர். ஆட்சியைப் பற்றி ஒரு குறை சொல்லிப் பாருங்கள். “எல்லாரையும் பேசு, வாத்தியாரை மட்டும் பேசாதப்பா” என்று குரல் மாறும்.

2005-ல் விஜயகாந்த், 2024-ல் விஜய் என நடிகர்கள் கட்சி தொடங்கும்போதெல்லாம் “இன்னொரு எம்.ஜி.ஆர். ஆவாரா?” என்ற கேள்வி வருகிறது. எந்த எம்.ஜி.ஆர். என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. திரையில் பார்த்தவரா, கோட்டையில் இருந்தவரா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிற எழுத்துகள் என்ன சொல்கின்றன? அதில் திண்டுக்கல்லின் இடம் என்ன?

1973-ல் என்ன நடந்தது?

தி.மு.க.வின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர்., கட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டார். 1972 அக்டோபரில் நீக்கப்பட்டார். அதே மாதம் 17-ம் தேதி அ.தி.மு.க. பிறந்தது. ஏழு மாதத்தில் முதல் சோதனை வந்தது. திண்டுக்கல் எம்.பி. ராஜாங்கம் இறந்ததால், 1973 மே 20-ல் இடைத்தேர்தல்.

புதுக்கட்சியின் வேட்பாளர், வழக்கறிஞர் கே.மாயத்தேவர். அவருக்குக் கிடைத்த சின்னம் இரட்டை இலை. வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள் முன்பு, மே 11-ல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. கொட்டகையில் படம், தெருவில் பிரச்சாரம் என இரண்டும் ஒன்றாகவே ஓடின. மாயத்தேவர் சுமார் 1.4 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாவது இடத்துக்குப் போனது. சினிமாவில் கிடைத்த அன்பு தனிக்கட்சியின் வாக்காக மாறும் என்று முதலில் காட்டியது திண்டுக்கல்தான்.

அந்தப் பிம்பம் எப்படி உருவானது?

எம்.ஜி.ஆர். 1917-ல் கண்டி அருகே நாவலப்பிட்டியில் பிறந்தார். வறுமை காரணமாகச் சின்ன வயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். முதல் படம் 1936-ல் வந்த ‘சதிலீலாவதி’. கதாநாயகனாக ‘ராஜகுமாரி’ வரும்போது வருடம் 1947. அதாவது, பதினோரு வருடக் காத்திருப்பு.

பிறகு வந்த படங்களின் பெயர்களைப் பாருங்கள்: ‘படகோட்டி’, ‘தொழிலாளி’, ‘விவசாயி’, ‘மாட்டுக்கார வேலன்’, ‘ரிக்‌ஷாக்காரன்’. உழைக்கிற ஒவ்வொரு பிரிவினரும் திரையில் தங்களைப் பார்த்தார்கள். அந்த நாயகன் குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், பெற்ற தாயை விட்டுக்கொடுக்க மாட்டார். பண்ணையாரை அடித்து நியாயம் வாங்கித் தருவார். 1967-ல் எம்.ஆர்.ராதா சுட்டதில் கழுத்தில் கட்டுப்போட்ட எம்.ஜி.ஆர். படம் தேர்தல் சுவரொட்டி ஆனபோது, திரைக்கும் நிஜத்துக்கும் நடுவே இருந்த கோடும் அழிந்துபோனது.

விமர்சகர்கள் என்ன சொல்கிறார்கள்?

இதை விரிவாக ஆராய்ந்தவர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன். 1992-ல் வந்த அவரது ‘தி இமேஜ் ட்ராப்’ என்ற ஆங்கில நூல் ஒரு முரண்பாட்டைக் கையில் எடுக்கிறது. ஏழைகள் அவரை உயிராக நேசித்தார்கள். ஆனால், அவரது ஆட்சி ஏழைகளுக்கு எவ்வளவு சாதகமாக இருந்தது? வரிச்சுமை யார் தலையில் விழுந்தது, பலன் யாருக்குப் போனது என்று பார்த்தால் திரையின் கதையும் ஆட்சியின் கதையும் ஒத்துப்போகவில்லை என்பது பாண்டியனின் வாதம்.

சில உதாரணங்கள்: திரையில் மதுவைத் தொடாதவரின் ஆட்சியில்தான் 1981-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1982-ல் குண்டர் சட்டம் வந்தது. மின் கட்டணத்துக்காகப் போராடிய விவசாயிகள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. வட ஆற்காடு, தருமபுரிப் பகுதிகளில் நக்சலைட்டுகள் என்று சொல்லப்பட்டவர்கள் ‘என்கவுன்ட்ட’ர்களில் கொல்லப்பட்டார்கள்.

அப்படின்னா மக்கள் ஏமாந்துட்டாங்களா?

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் சாப்பிட்டு, அதனாலேயே பள்ளிக்கூடம் போனவர்கள் இந்த மாவட்டத்திலும் ஏராளம். காமராஜர் காலத்து மதிய உணவை விரித்தெடுத்த அந்தத் திட்டம், 2001-ல் நாடு முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிடும்போது முன்மாதிரியாக இருந்தது. ஒரு தட்டுச் சோற்றை ‘பிம்பம்’ என்று ஒதுக்கிவிட முடியாது.

எண்பதுகளில் மதுரையில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி வேறொரு கோணத்தைக் காட்டினார். ரசிகர் மன்றம் என்பது விசிலடிக்கும் கூட்டம் மட்டுமல்ல. சமூக சேவை செய்து, தெருவில் தங்களுக்கு ஒரு மரியாதையைத் தேடிக்கொள்ள ஏழை இளைஞர்கள் பயன்படுத்திய அமைப்பு. நடிகர் அவர்களைப் பயன்படுத்தினார் என்றால், அவர்களும் நடிகரைப் பயன்படுத்தினார்கள்.

1980: அதே ஊர், வேறு தீர்ப்பு

இதற்கு நல்ல சான்று திண்டுக்கல்லிலேயே இருக்கிறது. 1973-லும் 1977-லும் இரட்டை இலையில் ஜெயித்த அதே மாயத்தேவர், 1980 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. வேட்பாளராக உதயசூரியனில் நின்றார். ஜெயித்தார். தமிழகம் முழுக்க அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடங்கள்.

முந்தைய ஆண்டில் எம்.ஜி.ஆர். அரசு, பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்திருந்தது. தோல்விக்கு அதுவும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. எம்.ஜி.ஆர். அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார். 31 சதவீதமாக இருந்த பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 50 ஆக உயர்த்தினார். இன்றைய 69 சதவீதத்தின் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். சில மாதங்களில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் மக்கள் அவரையே திரும்பக் கொண்டுவந்தார்கள். வாத்தியார் மேல் பாசம் வைத்தவர்கள் வாத்தியாருக்கே பாடம் எடுத்த கதை இது.

எழுதியவர்களுக்கு என்ன நடந்தது?

வாக்குப்பெட்டி வழியாக வந்த விமர்சனத்துக்கு எம்.ஜி.ஆர். அரசு பணிந்தது. பத்திரிகை வழியாக வந்தபோது கதை வேறு. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில், எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்து ஒரு ஜோக் வந்தது. ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களில் விடுதலை செய்யப்பட்டார். 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனை செல்லாது என்று சொல்லி, இழப்பீடாக 1,000 ரூபாய் வழங்க உத்தரவிட்டது. அதைக் கேட்க எம்.ஜி.ஆர். இல்லை. அவர் 1987 டிசம்பர் 24-ல் காலமாகியிருந்தார்.

ஆக, விமர்சிக்கலாமா?

திண்டுக்கல் தனி மாவட்டமானது எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1985-ல். நன்றி சொல்ல இந்த ஊருக்குக் காரணம் இருக்கிறது. அதே ஊர்தான் ஒருமுறை அவர் கட்சியைத் தோற்கடித்தும் காட்டியது. சோறு போட்டதையும் சொல்ல வேண்டும். மதுக்கடை திறந்ததையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொன்னால் மற்றது பொய்யாகிவிடாது.

நாளைக்கு இன்னொரு நட்சத்திரம் ஓட்டுக் கேட்டு பேருந்து நிலையம் பக்கம் வேனில் வந்து நிற்கும்போது, “எம்.ஜி.ஆர். மாதிரி வருவாரா?” என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. “1980-ல செஞ்ச மாதிரி நாம இவரையும் கேள்வி கேட்போமா?” என்பதுதான் திண்டுக்கல்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி.