ஓய்ந்திருக்கும் கணினியின் ஈகை



மருதமுனையின் கைத்தறிச் சிறப்பைக் கிழக்கிலங்கையில் அறியாதார் இலர். நூலைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, நெய்த துணியை ஓரிடத்தில் திரட்டுவது நெசவுத்தொழிலில் நெடுநாளைய வழக்கம். பெரிய ஆலையொன்றின் வேலையைச் சிறு தறிகள் பல சேர்ந்து முடித்துவிடும். விஞ்ஞானிகள் இன்று இம்முறையையே கணக்கீட்டுக்கும் கையாளுகின்றனர். அதுபற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றேன்.

கடிதம் எழுதும்போதும் செய்தி படிக்கும்போதும் நம் வீட்டுக் கணினி தன் ஆற்றலில் ஒரு சிறு பகுதியையே பயன்படுத்துகின்றது. எஞ்சியது வாளா கிடக்கின்றது. ஆய்வாளரோ பெருங்கணினி கிடைக்காமல் காத்திருக்கின்றனர். ஆகவே அவர்கள் தம் கணக்கைச் சிறு கூறுகளாகப் பிரித்து, இணையத்தின் வழியே தன்னார்வலரின் கணினிகளுக்கு அனுப்புகின்றனர். கணினி ஓய்ந்திருக்கும் வேளையில் அக்கூற்றைக் கணித்து விடையைத் திருப்பி அனுப்பும். ஒரே கூற்றை இருவரிடம் கொடுத்து, விடைகள் ஒத்துள்ளனவா எனச் சரிபார்ப்பதும் உண்டு.

1999ஆம் ஆண்டு மே மாதத்தில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் ‘செட்டி அட் ஹோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அரெசிபோ வானொலித் தொலைநோக்கி ஏற்ற அலைகளில் வேற்றுலக அறிவுயிர்களின் குறிப்பு ஏதேனும் உண்டோ என்று அது தேடிற்று. உலகெங்கும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் பங்குகொண்டனர். 2020 மார்ச்சில் புதிய கூறுகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. தேடிய குரல் கேட்கவில்லை; ஆயினும் பிற துறையினர்க்கு வழி பிறந்தது. 2000ஆம் ஆண்டில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ‘போல்டிங் அட் ஹோம்’, புரதங்கள் மடியும் விதத்தை ஆராய்வது. 2020இல் கொரோனா ஆய்வுக்கென மக்கள் திரண்டபோது, அதன் வேகம் வினாடிக்கு ஒன்றின்பின் 18 பூச்சியங்கள் இட்ட எண்ணிக்கையான கணிப்புகளைக் கடந்தது.

இவை நமக்கென்ன என்று கேட்பீர்கள். 2017இல் இலங்கையில் 180,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளானதாகப் பதிவாயிற்று. அந்நோய்க்கு மருந்து தேடும் முயற்சியொன்று, ‘வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்’ என்னும் தன்னார்வக் கணினி வலையமைப்பில் 2007இலேயே தொடங்கப்பட்டது. வைரசின் புரதத்தோடு எந்த மூலக்கூறு பொருந்தும் என்று அது கணித்துப் பார்த்தது. டெங்குவைத் தீர்க்கும் தனி மருந்து இன்றும் நம் கைக்கு எட்டவில்லை. எனினும், பொருந்தாதவற்றை விலக்குவதும் ஆய்வில் ஒரு முன்னேற்றமே.

ஈகைக்கும் முறையுண்டு. இடைவிடாது கணிக்கும் கணினி கூடுதல் மின்சாரம் உண்ணும், சூடும் ஏறும். கட்டணத்தைச் செலுத்துபவர் வீட்டுப் பெரியவரெனில் அவரது சம்மதம் வேண்டும். பாடசாலைக் கணினியோ அதிபருக்கும் சொந்தமன்று, ஆசிரியருக்கும் சொந்தமன்று. அது அரசு நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கல்வி அதிகாரிகளின் அனுமதியின்றி அதனை எந்த நற்பணிக்கும் ஈடுபடுத்தலாகாது. மென்பொருளைத் திட்டத்தாரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பெறவேண்டும்; ஆய்வின் பெயரால் பிறர் கணினியைத் தம் இலாபத்துக்கு உழைக்கவிடும் வஞ்சகரும் உளர்.

இவற்றை உணர்ந்து, தனக்குச் சொந்தமான கணினியில் சில மணி நேரத்தை நம் மாணவன் ஒருவன் வழங்குவானாயின், கல்முனையில் இருந்துகொண்டே உலக ஆய்வுக் கூடமொன்றில் அவனும் ஒரு பணியாளன் ஆவான்.