உளவியலின் அடிப்படைச் சொற்கள்: பொருளும் பயனும்

"கவனம் போதாது" என்னும் தொடர் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கைகளிற் பெரிதும் பயின்று வருவது. ஆசிரியர் அதனை எழுதுகின்றார், பெற்றோர் படிக்கின்றனர், மாணவன் ஏச்சு வாங்குகின்றான். எனினும் அத்தொடர் எதனைச் சுட்டுகின்றது என மூவரையும் தனித்தனி வினவின் மூன்று விடைகள் கிடைத்தல் கூடும். இரசாயனத்தில் இவ்விடர்ப்பாடு குறைவு. ஒட்சிசன் என்னும் சொல்லை மாணவன் வகுப்பறையிலேயே முதன்முதற் கேட்கின்றான். ஆதலின் ஆங்குக் கூறப்படும் வரைவிலக்கணமே அவனுக்குப் பொருளாகின்றது. கவனம், நினைவு, அச்சம், அறிவு என்பனவோ அவன் வீட்டிலிருந்தே கொண்டுவரும் சொற்கள். பழகிய சொல்லுக்குத் திட்டமான வரம்பு இடுதலே உளவியல் கற்பதில் முதற்படியாகும். அவ்வரம்பினை அறியாவழி நேரும் தவறு ஏட்டோடு நில்லாது, பிள்ளையின் வாழ்வையும் சாரும்.

உள்ளத்தை ஆராய்தல் தமிழர்க்குப் புதிதன்று. சைவ சித்தாந்தம் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என அந்தக்கரணங்களை நான்காக வகுத்து, உயிர் அவற்றின் வேறானது என நிறுவும். சிவஞானபோதத்தின் நான்காஞ் சூத்திரம் இதனை எடுத்துப் பேசுவது. உளவியல் என இன்று வழங்கும் துறையின் நோக்கு வேறு. அறிபவன் யார் என்னும் வினாவை அது தத்துவத்திற்கு விட்டு, உள்ளத்தின் செயல்கள் எவ்வாறு நிகழ்கின்றன என்பதனை அவதானிப்பாலும் பரிசோதனையாலும் ஆராய்கின்றது. செருமனியின் இலைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்லெம் வூண்ட் இதற்கெனப் பரிசோதனைச்சாலை நிறுவியது 1879ஆம் ஆண்டிலாம். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் மறைந்ததும் அவ்வாண்டிலேயே.

அறிவியலைத் தமிழிற் சொல்லும் முயற்சி அதற்கு முன்னரே இங்கு தொடங்கியிருந்தது. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்குரிய நூல்களும் தமிழில் வெளிவரச் செய்தார். பின்னர், தாய்மொழிக் கல்வி உயர்வகுப்புக்களுக்கு விரிந்த 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஈழத்துக் கல்வி நூல்களில் இன்று வழங்கும் தூண்டி, துலங்கல், புலக்காட்சி, நுண்மதி முதலிய சொற்கள் தமிழிற் சிந்தித்தோர் வளர்த்த இம்மரபின் பேறுகளாம். அவற்றுட் சிலவற்றை ஈண்டு நோக்குதல் தகும்.

முதலாவது, புலனுணர்ச்சியும் புலக்காட்சியும். ஒளி கண்ணையும் ஒலி செவியையும் தாக்க எழுவது புலனுணர்ச்சி. அதற்கு உள்ளம் பொருள் கற்பித்துக் கொள்வது புலக்காட்சி. மாலையிருளிற் பனங்கூடலூடே செல்வோன் அடிமரம் ஒன்றை ஆளெனக் கண்டு திடுக்கிடுகின்றான். அவன் கண்ணிற் பழுதில்லை. பொருள் கொண்டதிலேயே பிழை நேர்ந்தது. கயிற்றைப் பாம்பெனக் கண்ட பழைய உவமையும் இதுவே. இவ்வேறுபாடு ஆசிரியர்க்கு மிகப் பயன்படும். கரும்பலகையில் எழுதியதைத் தவறாகப் படிக்கும் சிறுவனுக்குப் பார்வைக் குறை இருத்தல் கூடும். அன்றிக் கண் நன்றாயிருந்தும் எழுத்துருக்களை வேறுபிரித்தறிதலில் இடர் இருத்தல் கூடும். முன்னவனுக்கு வேண்டுவது மூக்குக்கண்ணாடி. பின்னவனுக்கு வேண்டுவது பொறுமையுடன் கூடிய தனிப்பயிற்சி. இருவருக்கும் வேண்டாதது பிரம்பு.

அடுத்து, தூண்டி, துலங்கல், நிபந்தனைப்பாடு என்பன. உயிரியைச் செயற்படச் செய்வது தூண்டி. அதற்கு உயிரி ஆற்றும் எதிர்ச்செயல் துலங்கல். சமிபாடு பற்றிய ஆய்வுக்காக 1904ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற இரசிய நாட்டு அறிஞர் பவ்லோவ், உணவைக் காணுமுன்னரே நாய்க்கு உமிழ்நீர் சுரத்தலை அவதானித்தார். உணவு இயல்பான தூண்டி. உணவுக்குச் சற்றுமுன் ஓர் ஒலியைப் பன்முறை எழுப்பிவரின், நாளடைவில் அவ்வொலி மட்டுமே உமிழ்நீரை வருவிக்கும். இவ்வாறு இயல்பிற் பயனற்ற தூண்டி ஒன்று வேறொன்றன் ஆற்றலைப் பெறுதலே நிபந்தனைப்பாடு. யாழ்ப்பாணக் குடாநாட்டார்க்கு இதனை விளக்க நாய் வேண்டுவதில்லை. 2009ஆம் ஆண்டு முடிவுற்ற போரின்போது வானூர்தியின் இரைச்சல் குண்டுவீச்சினை முன்னறிவித்தது. பதுங்குகுழியை நோக்கி ஓடிய உடல் அவ்வொலியைக் கற்றுக்கொண்டது. போர் ஓய்ந்த பின்னரும் அவ்வொலி கேட்டு நெஞ்சு படபடத்தோர் கோழையர் அல்லர், கற்றதை மறவாதவர். இவ்விதியே வகுப்பறையிலும் தொழிற்படும். கணித பாடவேளைதோறும் அடிபட்ட சிறுவன் கணிதத்தையே அஞ்சக் கற்கின்றான்.

மீளவலியுறுத்தல் என்பதும் தண்டனை என்பதும் பெரிதும் மயங்கும் சொற்கள். ஒரு செயலின் விளைவு அச்செயலை மீண்டும் நிகழச் செய்யுமாயின் அது மீளவலியுறுத்தல். குறையச் செய்யுமாயின் தண்டனை. பாராட்டுப் போன்ற இனியதொன்று சேர்வதால் செயல் வலுப்பெறின் அது நேர் மீளவலியுறுத்தல். இன்னாததொன்று நீங்குவதால் வலுப்பெறின் எதிர் மீளவலியுறுத்தல். எதிர் என்னும் அடையைக் கண்டு அதனைத் தண்டனை எனக் கொள்ளுதல் மாணவர் பலர்க்கும் நேரும் வழு. வெயிலுக்குக் குடை பிடிப்பவன் வெம்மை நீங்கக் காண்கின்றான். மறுநாளும் குடை பிடிக்கின்றான். சோதனை நாளில் வயிற்றுவலி எனச் சொல்லி வீட்டில் நின்ற மாணவனுக்கும் அச்சம் நீங்குகின்றது. அடுத்த சோதனையிலும் வயிறு வலிக்கின்றது. அவன் பொய்யன் என இகழ்வதனால் ஆவது யாதுமில்லை. சோதனையின் அச்சத்தைக் குறைப்பதே வழி.

நினைவு ஒரு செயலன்று. பதித்தல், தேக்கிவைத்தல், மீட்டல் என்னும் மூன்றன் தொகுதி. எபிங்கவுசு என்னும் செருமானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, தம்மையே பரிசோதித்து, 1885ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டார். கற்றவுடன் மறதி விரைந்து நிகழ்ந்து, பின்னர் மெல்ல நிகழும் எனவும், ஒரே அமர்விற் பலமுறை ஓதுவதினும் நாள்களிடையே பகிர்ந்து ஓதுதல் நன்று எனவும் அவர் கண்டார். நிகண்டுகளை நாடோறும் முறைவைத்து ஓதுவித்த திண்ணைப் பள்ளி ஆசிரியர்கள் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். "மறந்துவிட்டேன்" என்னும் மாணவனோ மூன்று படிகளுள் எதிலும் தவறியிருக்கலாம். பதியாத ஒன்றினை மீட்குமாறு வற்புறுத்துதல் வீண்.

நுண்மதி என்னும் சொல்லே பிள்ளைகளுக்குப் பெருந்தீங்கு இழைக்க வல்லது. பிரான்சு நாட்டவரான பினே, சீமோன் என்போர் 1905ஆம் ஆண்டில் தம் சோதனையை ஆக்கியது, பாடசாலையிற் சிறப்புதவி வேண்டும் பிள்ளைகளை இனங்காண்டற்கேயன்றி விலக்குதற்கன்று. 1912ஆம் ஆண்டில் இசுரேண் என்பார் உளவயதை உடல்வயதால் வகுக்கும் ஈவினை வகுத்தார். பின்னர் அது நூறாற் பெருக்கப்பட்டு நுண்மதி ஈவு என வழங்கிற்று. எட்டு வயதினன் பத்து வயதினர்க்குரிய வினாக்களுக்கு விடையளிப்பின் அவனது ஈவு 125. இக்காலச் சோதனைகள் ஒத்த வயதினரின் சராசரியை 100 எனக் கொண்டு அதனோடு ஒப்பிடுகின்றன. எவ்வாறாயினும் அது ஒப்பீடே. பிறவிச் சொத்தின் அளவன்று. அவ்வாறிருக்க, ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் வெட்டுப்புள்ளியைக் கொண்டு பத்து வயதுப் பிள்ளையின் அறிவுக்கு எல்லை கட்டுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

மனவெழுச்சி என்பது உள்ளத்தில் மட்டும் நிகழ்வதன்று. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினைக் கூறிய தொல்காப்பியர் அவற்றை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, மெய்யின்கண் புலப்படுதலைச் சுட்டினார். அமெரிக்க அறிஞர் வில்லியம் சேம்சு 1884ஆம் ஆண்டில் உடலின் மாற்றங்களை உணர்தலே மனவெழுச்சி என வாதித்தார். தாங்கொணாத நிகழ்ச்சியால் உடலும் உள்ளமும் பெறும் நெடுநாட் பாதிப்பினைக் குறிக்க, பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதலிய யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் மனவடு என்னும் சொல்லை எடுத்தாண்டனர். உறக்கமின்மை, திடுக்கிடல், வேண்டாத நினைவுகள் மீள மீள எழுதல், ஒன்றில் ஊன்றி நிற்க இயலாமை என்பன அதன் குறிகள். இன்று வகுப்பறையில் இருப்போர் போர் முடிந்தபின் பிறந்தோராயினும், போரினூடே வளர்ந்த பெற்றோரின் அச்சமும் சினமும் மௌனமும் வீட்டின்வழி அவரையும் எட்டக்கூடும்.

இனி, தொடக்கத்திற் கண்ட கவனம் என்னும் சொல்லுக்கு மீளலாம். பல தூண்டிகளுள் ஒன்றைத் தேர்ந்து ஏனையவற்றை விலக்கும் செயலே கவனம். எனவே விழித்திருக்கும் பிள்ளையின் கவனம் எங்கேனும் ஒன்றன்மேல் இருந்தே தீரும். "கவனம் இல்லை" என்பதனினும் "கவனம் எங்கே இருக்கின்றது?" என்பதே உளவியல் கற்றார்க்கு உரிய வினா. அது கரும்பலகை தெரியாமையால் அயல் மாணவனின் கொப்பியிலா, பிரம்பிலா, நேற்றிரவு வீட்டில் நிகழ்ந்த சண்டையிலா எனத் தேடுவார்க்குப் பரிகாரமும் புலப்படும். தீயினால் ஆன புண்ணினின்றும் நாவினால் ஆன வடுவினை வள்ளுவர் வேறுபிரித்துக் கூறினார். மந்தன், மறதிக்காரன், கவனமற்றவன் என ஆசிரியர் இடும் பெயர்களும் அத்தகையனவே. கலைச்சொற்களைத் திட்பமாகக் கற்பதன் பயன் பரீட்சையிற் புள்ளி பெறுதலோடு முடிவதன்று. தீர்ப்புக் கூற எழும் நாவினை அடக்கி, முதலில் வினவப் பழக்குதலே அதன் தலையாய பயனாம்.