வயதானால் சூரியன் வீங்குவது ஏன்? ராமேஸ்வரம் வானில் தெரியும் ‘முன்னோட்டம்’

ராமநாதபுரம் மாவட்டம் உத்தரகோசமங்கை கோயிலில், ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருக்கும் மரகத நடராஜரைக் காப்பு களைந்த கோலத்தில் தரிசிக்க மார்கழித் திருவாதிரையையொட்டி பெருங்கூட்டம் கூடும். அந்த விழாவுக்குப் பெயர் தந்த திருவாதிரை, முதுமையில் வீங்கிச் சிவந்த நட்சத்திரம். வானில் அதற்குச் சற்று மேலே தெரியும் ரோகிணியும் அப்படித்தான். நம்ம சூரியனும் ஒருநாள் இப்படி வீங்கும். ஏன்?

இப்போது என்ன நடக்கிறது?

சூரியனின் மையத்தில் வெப்பநிலை சுமார் 1.5 கோடி டிகிரி செல்சியஸ். அங்கே நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. ஈர்ப்பு விசை எல்லாவற்றையும் உள்ளே இழுக்கிறது. வெப்பத்தால் உண்டாகும் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. சுமார் 460 கோடி ஆண்டுகளாக இந்த இழுபறியில் யாருக்கும் வெற்றி இல்லை.

எரிபொருள் தீர்ந்தால் சுருங்கத்தானே வேண்டும்?

அப்படித்தான் தோணும். ஆனால், சுருங்குவது மையம் மட்டும்தான். இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து ஹீலியம் மட்டும் மிஞ்சும். அதை ஈர்ப்பு விசை அழுத்த அழுத்த, சூடு ஏறும். அந்தச் சூட்டில், மையத்தைச் சுற்றியுள்ள ஹைட்ரஜன் முன்பைவிட வேகமாக எரியும். தீயைக் கூட்டினால் பால் பொங்கி எழுவதுபோல, வெளி அடுக்குகள் விரியும்.

பரப்பு பெரிதாவதால் அது குளிரும். உலையில் பழுத்த இரும்பு ஆறும்போது சிவப்பது போல, நட்சத்திரமும் சிவக்கும். இதுதான் ‘சிவப்பு ராட்சத நட்சத்திரம்’. சூரியன் இன்றைய அளவைப்போல 200 மடங்கு வரை வீங்கலாம். புதனும் வெள்ளியும் உள்ளே போய்விடும்.

அப்போ பூமி?

பூமி விழுங்கப்படுமா, தப்புமா என்பதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் உண்டு. ஆனால் ஆபத்து அதற்கு ரொம்ப முன்னாடியே வந்துவிடும். சூரியனின் பிரகாசம் 100 கோடி ஆண்டுக்கு ஏறக்குறைய 10% கூடுகிறது. அந்தச் சூட்டில், சுமார் 100 கோடி ஆண்டுகளிலேயே பூமியின் கடல்கள் வற்றத் தொடங்கும் என்பது கணிப்பு. அதாவது, சூரியன் வீங்குவதைப் பார்க்க மன்னார் வளைகுடாவே இருக்காது!

ஒரே வானம், இரண்டு முடிவு

திருவாதிரை சூரியனைவிடப் பல மடங்கு எடை கொண்டது. கடைசியில் வெடித்துச் சிதறும். சூரியனுக்கு அந்த அளவு எடை இல்லை. வெளி அடுக்குகளை உதறிவிட்டு, பூமி அளவேயுள்ள ‘வெண்குள்ள’ நட்சத்திரமாக அடங்கும். ஒரு வெண்குள்ள நட்சத்திரத்துக்கு இருக்கக்கூடிய எடையின் வரம்பு, சூரியனைப்போல சுமார் 1.4 மடங்கு. இதைக் கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே அந்தக் கணக்கைத் தொடங்கியவர், 1983-ல் நோபல் பரிசு பெற்றார்.

எப்படிப் பார்ப்பது?

டிசம்பர், ஜனவரி மாதங்களில் இருட்டியதும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடற்கரையில் கிழக்கே பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்கு இடதுபக்கம் சிவப்பாக மின்னுவது திருவாதிரை. அந்த வரிசையை அப்படியே மேலே நீட்டினால் வருவது ரோகிணி.

சூரியனின் எதிர்காலத்துக்குச் சரியான உதாரணம் ரோகிணிதான். எடை ஏறக்குறைய சூரியன் அளவு. அகலமோ சுமார் 45 மடங்கு. தூரம் சுமார் 65 ஒளியாண்டு. இன்று கண்ணில் படும் அதன் ஒளி அங்கிருந்து கிளம்பியபோது, 1964 புயல் இன்னும் வரவில்லை. தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது.