நீரில் வரும் எச்சரிக்கை

கொரட்டூர் ஏரிக்கரையில் நத்தை ஓடு கிடந்தால் எடுத்துப் பாருங்கள். வேகமாக ஓட இயலாத இப்பிராணி பகைவனிடமிருந்து எவ்வாறு தப்புகிறது? நீரை முகர்ந்துதான்! ஒரு நத்தை நசுங்கினால் அதன் உடற்சாறு நீரில் கலக்கும். அதை உணர்ந்ததும் நன்னீர் நத்தைகளில் சில இனங்கள் சேற்றில் புதைகின்றன. சில நீரைவிட்டே மேலேறுகின்றன.

1990-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இன்னும் வியப்பானது. சாதாரண நீரில் இருந்த நத்தைகள் சுமார் 4 மில்லிமீட்டர் வளர்ந்ததும் முட்டையிடத் தொடங்கின. கிரேஃபிஷ் என்ற நன்னீர்ப் பிராணி நத்தைகளைத் தின்னும்போது வெளிப்படும் வாடை கலந்த நீரிலோ, சுமார் 10 மில்லிமீட்டர் ஆகும்வரை வளர்வதிலேயே கவனம் செலுத்தின. உருவம் பெருத்தால் தப்புவது எளிதல்லவா!

ஆகவே, நீரே நத்தையின் செய்தித்தாள். கொரட்டூர் ஏரியில் பல ஆண்டுகள் கழிவுநீர் கலந்து வந்தது. செம்பு போன்ற உலோகங்கள் மீன்களின் மோப்ப உணர்வையே மழுங்கச் செய்யும். செய்தித்தாளில் மை கொட்டினால் யாரால் படிக்க முடியும்?