அரசகுலமும் அரசியல் பேச்சும்

அரசகுலத்தில் பிறந்த ஒருவர் பொதுமேடை ஏறி நாட்டு விவகாரங்களைப் பற்றித் தம் அபிப்பிராயத்தை வெளியிடுவாரானால், உடனே இருவகைக் கூச்சல் எழுவது வழக்கமாயிருக்கிறது. "ராஜாவே சொல்லிவிட்டார், இனி வேறு பேச்சு என்ன?" என்று ஒரு சாரார் கைகட்டி நிற்பர். "அரண்மனையில் இருப்பவருக்கு ஊர் விவகாரம் எதற்கு?" என்று மற்றொரு சாரார் முகம் சுளிப்பர். இவ்விரு சாராரும் பேசியவர் யாவர் என்று பார்க்கின்றனரேயன்றி, பேசிய பேச்சு யாது, அப்பேச்சுக்கு அவர் எதைப் பிணை வைத்தார் என்று பார்ப்பதில்லை. 1971ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம் மன்னர் மானியத்தையும் மன்னர் என்ற அங்கீகாரத்தையும் நீக்கிவிட்டது. ஆயினும் தேர்தல் வரும்போது பழைய அரண்மனைகளின் வாயிலில் கட்சிக்காரர்கள் காத்து நிற்பது இன்னும் நின்றபாடில்லை. ஆதலின் இவ்விஷயத்தை ஆராய்வது வீண் வேலையன்று.

விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. தூத்துக்குடித் துறைமுகத்திலே 1906ஆம் ஆண்டில் நிகழ்ந்த காரியம் ஒன்றே போதும். அதன் பெருமையை உணர வேண்டுமாயின், அக்கடற்கரையில் அரசகுலத்தாருக்கு அதற்கு முன்பு இருந்த ஸ்தானம் யாதென முதலில் அறிதல் வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் பன்னெடுங்காலமாக அரசர்களின் பொக்கிஷமாகக் கருதப்பட்டு வந்தவை. பாண்டியர் போயினர், நாயக்கர் வந்தனர், பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தனர், 1658ஆம் ஆண்டில் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர், பின்னர் ஆங்கிலேயர் அதனை அடைந்தனர். கொடிகள் மாறினவேயன்றி, ஏற்பாடு அதிகம் மாறவில்லை. முத்துச் சலாபம் நடக்கும் காலத்தில், கடலில் மூழ்குவோர் காலில் மாட்டிக்கொண்டு இறங்கும் கல்லே கணக்குக்கு அடிப்படை. இத்தனை கற்கள் இன்னாருக்கு என்று உரிமை வகுக்கப்பட்டிருந்தது. மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் இவ்வாறு கல்லுரிமை இருந்ததென்று பழைய பதிவுகள் கூறுகின்றன. பரதவர் குலத் தலைவருக்கும் தனி உரிமை உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு சர்க்காரைச் சேர்ந்தது. மூச்சை அடக்கிக் கடலடிக்குச் சென்று வந்தவனுக்கு மிச்சம் ஒரு பங்கு. அரசகுலத்தின் கல்லுரிமை பிறப்பால் வந்த உரிமை. அவர்கள் கடலில் இறங்கியதில்லை. நஷ்டம் வந்தாலும் அவர்கள் மூச்சுத் திணறியதில்லை.

நிற்க, அரசகுலத்தார் வாய் திறந்து அன்னியரை எதிர்த்தால் என்ன நேரும் என்பதையும் இக்கடற்கரை கண்டிருக்கிறது. முத்துராமலிங்க சேதுபதி வர்த்தகத்திலும் சுங்க விஷயத்திலும் கிழக்கிந்தியக் கும்பெனியாரோடு முரண்பட்டார். 1795ஆம் ஆண்டில் கும்பெனியார் அவரைப் பதவியினின்று நீக்கிச் சிறையிட்டனர். 1809ஆம் ஆண்டில் அவர் சென்னையிலே கைதியாகவே காலமானார். இதற்கிடையில் 1803ஆம் ஆண்டில் இராமநாதபுரம் ஜமீனாக்கப்பட்டது. சேதுநாட்டு மன்னர் ஆங்கிலேயருக்குப் பேஷ்குஷ் கட்டும் ஜமீன்தாராயினர். அதன் பின் ஒரு நூற்றாண்டு காலம் ஜில்லா கலெக்டரின் முகக்குறிப்பை அறிந்து நடப்பதே இந்நாட்டு ஜமீன்தார்களுட் பெரும்பாலோரின் ராஜதந்திரமாயிற்று.

இவ்வம்சத்தில் வந்தவரே பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். இவர் 1867ஆம் ஆண்டில் பிறந்தவர். பொன்னுசாமித் தேவரின் புதல்வர். 1897ஆம் ஆண்டு ஜனவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தரைப் பாம்பனிலே எதிர்கொண்டு வரவேற்ற பாஸ்கர சேதுபதி இவருக்குச் சிறிய தந்தையின் மகன். 1901ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னை மாகாண மகாநாடு மதுரையில் கூடியபோது, தமிழை வளர்க்க ஒரு சங்கம் வேண்டுமென்று இவர் எடுத்துரைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவப்பட்டது. பின்னர் 'செந்தமிழ்' பத்திரிகையும் வெளிவந்தது. சொன்னதைச் செய்து முடிக்கும் இயல்பினர் என்பதற்கு இதுவே சான்று. இவ்வளவோடு நின்றிருந்தால் புலவர்கள் போற்றும் வள்ளலாக மட்டுமே இவர் வாழ்ந்திருப்பார். சர்க்காருக்கும் மனத்தாங்கல் நேர்ந்திராது.

ஆனால் 1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தோற்றுவித்தபோது, அதன் தலைவராகப் பாண்டித்துரைத் தேவர் முன்வந்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி ஏகபோகமாகக் கப்பல் விட்டுவந்த காலம் அது. அதன் தூத்துக்குடி ஏஜெண்டுகள், கோரல் மில்லை நடத்திவந்த ஹார்வி கம்பெனியாரே. கப்பலும் ஆலையும் அவர்கள் கையில். சப் கலெக்டரும் அவர்களுக்கு அனுகூலம். அத்தகைய இடத்தில் ஓர் அரசகுலத்தார் சுதேசிக் கம்பெனிக்குத் தலைவராவது, பத்து மேடைகளில் பிரசங்கம் செய்வதைக் காட்டிலும் உரத்த பேச்சு என்பதில் ஐயமில்லை.

இங்கே நமது நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அக்கம்பெனியின் மூலதனம் 10 லட்ச ரூபாய். அது 40,000 பங்குகளாக வகுக்கப்பட்டது. பங்கு ஒன்றுக்கு விலை 25 ரூபாய். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் முஸ்லிம் வணிகர் 8,000 பங்குகளை 2 லட்ச ரூபாய்க்கு ஏற்றார். அதாவது மொத்தத்தில் ஐந்தில் ஒரு கூறு. அவரே காரியதரிசி, சிதம்பரம் பிள்ளை உதவிக் காரியதரிசி. 25 ரூபாய் சேர்த்து ஒரு பங்கு வாங்கிய சாமானியனுக்கும், "கம்பெனியின் கணக்கு என்ன?" என்று கேட்கும் உரிமை சட்டப்படி உண்டு. தலைவர் அரசகுலத்தவரானாலும் அவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே. முன்னோர்கள் இதே கடலில் கல்லுரிமையைப் பிறப்பினால் பெற்றனர்; இவரோ பங்குதாரர்களோடு ஒருவராகப் பதிவேட்டிலே பெயர் எழுதிக் கொடுத்தார். கல்லுரிமையினின்று பங்குரிமைக்கு இறங்கி வந்ததாக அன்று சிலர் எண்ணியிருக்கலாம். இறக்கமன்று, ஏற்றம் என்றே நாம் சொல்வோம். குலப்பெருமை மக்களுக்குக் கணக்குக் காட்டும் நிலைமைக்கு வந்ததே உண்மையான ஏற்றம்.

எனினும் புகழ்ச்சியை எல்லையோடு நிறுத்துதல் முறை. ஏனெனில் கம்பெனியின் பாரம் முழுதும் தலைவரின் தோளில் விழுந்ததில்லை. வாடகைக்குப் பிடித்த கப்பல்கள் எதிர்க் கம்பெனியின் நிர்ப்பந்தத்தால் திரும்பப் பெறப்பட்டபோது, பம்பாய்க்கு ஓடிக் கப்பல் தேடியவர் சிதம்பரம் பிள்ளை. 1907ஆம் ஆண்டில் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. முடிவில் பிரயாணிகளை இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் துணிந்தது. 1908ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். மார்ச் 12ஆம் தேதி சிதம்பரம் பிள்ளை கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் துப்பாக்கிக்கு இரையானவர்கள் பெயர் தெரியாத ஏழை ஜனங்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்; மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. சிறையிலே செக்கிழுத்து, 1912ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் வெளிவந்தார். அதற்குள் கம்பெனி 1911ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டு, 'காலியா' எதிர்க் கம்பெனியின் கைக்கே போய்விட்டது. பாண்டித்துரைத் தேவரும் அதே ஆண்டு டிசம்பரில் காலமானார்.

முத்துக்குளிப்பவன் ஒருவன், தோணியிலிருந்து கயிறு பிடிப்பவன் ஒருவன். கயிறு பிடிப்பவன் இன்றி மூழ்குபவன் மீளமாட்டான். ஆனால் மூச்சடக்கியது யார் என்பதில் மயக்கம் கூடாது. அரசகுலத்தவர் தந்த பெயரும் பொருளும் கயிற்றுக்கு ஒப்பானவை. அவற்றுக்கு நன்றி செலுத்துவோம். சிறை சென்றவர்க்கும் ஆலைத் தொழிலாளிக்கும் உரிய இடத்தை அந்த நன்றியின் பெயரால் பறித்துக் கொடுக்கமாட்டோம்.

இனி, பிறநாட்டு முறையையும் சிறிது பார்ப்போம். இங்கிலாந்தில் முடி தரித்தவர் கட்சி அரசியல் பேசலாகாது என்பது மரபு. 1936ஆம் ஆண்டு நவம்பரில் எட்டாம் எட்வர்டு மன்னர் தெற்கு வேல்ஸில் வேலையிழந்த தொழிலாளரைக் கண்டு, இவர்களுக்கு ஏதேனும் செய்தாக வேண்டுமென்று சொன்ன ஒரு வார்த்தையே பெரும் பிரஸ்தாபத்தை விளைவித்தது. அடுத்த மாதம் அவர் வேறு காரணத்தால் முடிதுறந்தார். தொழிலாளரின் நிலைமையோ அவ்வொரு வார்த்தையால் மாறிவிடவில்லை. இக்காலத்தில் சார்லஸ் இளவரசராயிருந்தபோது மந்திரிகளுக்கு எழுதிய கடிதங்களை மறைத்து வைக்க அந்நாட்டுச் சர்க்கார் பல்லாண்டு வழக்காடிற்று. 2015ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்பேரில் அவை வெளியாயின. வெளிப்படையாகப் பேசினால் கண்டனம்; மறைவாக எழுதினால் அனுமதி! இம்முறையினும், பகிரங்கமாகப் பேசிப் பகிரங்கமாகப் பொறுப்பேற்பதே சிறந்ததென்பது நமது துணிபு. மறைவில் சொல்லும் யோசனைக்கு மறுப்புச் சொல்ல மக்களால் இயலாதன்றோ?

அரசகுலத்தார் பகிரங்கமாய்ப் பேசியவையெல்லாம் நாட்டுக்கு நன்மையாகவே முடிந்தன என்றும் சொல்வதற்கில்லை. 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், திருநெல்வேலிச் சீமைக்கு அண்டையிலுள்ள திருவிதாங்கூர் சமஸ்தானம் இந்தியாவோடு சேராமல் தனிநாடாக நிற்கும் என்று அரசர் சார்பில் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். சமஸ்தானத்து ஜனங்கள் கிளர்ந்தெழுந்தனர். ஜூலை முடிவதற்குள் அந்த அறிவிப்பு கைவிடப்பட்டது. பேசியது அரசகுலம்; தீர்ப்புச் சொன்னது குடிமக்கள்.

இராமநாதபுரமே இதற்குப் பின்னும் ஒரு பாடம் கற்பித்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் இராமநாதபுரம் ராஜா சண்முக ராஜேஸ்வர சேதுபதி, காங்கிரஸ் அபேட்சகராய் நின்ற முத்துராமலிங்கத் தேவரிடம் தோல்வியுற்றார். சொந்தச் சீமையிலேயே வாக்காளர்கள் ராஜாவை வேண்டாமென்றனர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறையும் ஒழிந்தது. ஆனால் 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அதே ராஜா மக்களிடம் வாக்குக் கேட்டுச் சென்று வெற்றி பெற்றுச் சட்டசபையில் அமர்ந்தார், மந்திரியும் ஆனார். ஜமீன் இருந்தபோது கிட்டாத பேச்சுரிமை, ஜமீன் போன பின் கிட்டிற்று. 1937இல் தோற்றவரும் 1952இல் வென்றவரும் ஒருவரே; குலமும் ஒன்றே. மாறியது, அவ்வுரிமை எங்கிருந்து வந்தது என்பதுதான்.

ஆகவே அரசகுலத்தார் அரசியல் பேசலாமா என்னும் கேள்விக்கு நமது விடை இது: தாராளமாகப் பேசலாம். மீனவருக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் உள்ள பேச்சுரிமை அவர்களுக்கும் உண்டு. அதற்கு மேற்பட்டது ஒரு மயிரிழையும் இல்லை. அவர்கள் பேசும்போது நாம் மூன்று கேள்விகளைத் தவறாது கேட்போமாக. சொல்வதை மறைவின்றிச் சொல்கிறாரா? சொன்னதற்குத் தம் பெயரையும் பொருளையும் பிணை வைக்கிறாரா? தவறினால் கணக்குக் கேட்கும் உரிமையை நமக்கு விடுகிறாரா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்தால் கட்சி பேதம் பாராமல் செவிசாய்ப்போம். ஒன்றுக்கு இல்லையென்றாலும், மாலையும் மரியாதையும் கொடுத்து அனுப்பிவிட்டு, வாக்கை மட்டும் நம் கையிலேயே வைத்துக்கொள்வோம்.

தூத்துக்குடியில் முத்துச் சலாபம் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கல்லுரிமை கொண்டாட இன்று அங்கே யாருமில்லை. பெருந்துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது முறையே. அவர் கம்பெனிக்குத் தலைமை தாங்கிய பாலவநத்தம் ஜமீன்தாரையும் தூத்துக்குடி மறவாதிருப்பதாக. அரசகுலத்தில் பிறந்ததற்காக அன்று, 25 ரூபாய்ப் பங்குதாரனுக்குப் பதில் சொல்லும் நாற்காலியில் அமர இசைந்ததற்காக.